வேலூரிலிருந்து கொல்கத்தா: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வி இதுதான்: "நாங்கள் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் வேலை பார்த்த என் தம்பி இப்போது கொல்கத்தாவில் பாந்தலா தோல் வளாகத்தில் சேர்ந்திருக்கிறான். ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. வேலூருக்கும் கொல்கத்தாவுக்கும் தூரம் தேடினால் ஒரு இடத்தில் 1,448 கி.மீ., இன்னொரு இடத்தில் 1,720, வேறொன்றில் 1,790 என்று வருகிறது. விமானத்தில் 1 மணி 48 நிமிடம் என்றும் போட்டிருக்கிறது. எது சரி? எப்படிப் போவது நல்லது?"

பதிலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த மூன்று தூரமும் சரிதான். அந்த 1 மணி 48 நிமிடம் மட்டும் எந்த விமானத்துக்கும் பொருந்தாது. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு நேர் விமானத்தின் டிக்கெட்டில் இரண்டேகால் மணியிலிருந்து இரண்டரை மணி வரை போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து தம்பி வீட்டு வாசலில் கழற்றுவது வரை பார்த்தால் ஒன்பது முதல் பத்து மணி நேரம் ஆகும். அம்மாவோடு போகும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் டிக்கெட் போடும் தொழிலில் நான் பல வருடமாக இருக்கிறேன். காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், லாட்ஜ் பலகைகளிலும் மெஸ் பலகைகளிலும் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருக்கும். மேற்கு வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு என்னிடம் தினமும் கேட்கிறார்கள். இந்த ஒரு வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல முடியும்.

முதலில் அந்த மூன்று எண்கள். 1,448 என்பது வேலூர் என்ற புள்ளிக்கும் கொல்கத்தா என்ற புள்ளிக்கும் நடுவே பூமியின் மேல் நேராக இழுத்த கோடு. இதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். வேலூர் இருப்பது வடக்கு அட்சரேகை 12.92 பாகை, கிழக்கு தீர்க்கரேகை 79.13 பாகை. கொல்கத்தா 22.57, 88.36. ஆக வடக்கே 9.65 பாகை ஏற வேண்டும், கிழக்கே 9.23 பாகை நகர வேண்டும். அட்சரேகை ஒரு பாகைக்கு நம் பக்கத்தில் ஏறக்குறைய 110.7 கி.மீ. என்றால் வடக்கே 1,068 கி.மீ. வருகிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வருவதால் அங்கே ஒரு பாகையின் நீளம் குறையும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 106 கி.மீ. அப்படியானால் கிழக்கே 978 கி.மீ. இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் போதும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,448 வந்து நிற்கும். பூமி உருண்டை என்பதற்குத் தனிச் சூத்திரம் இருக்கிறது. ஆனால் இந்த அளவு தூரத்துக்கு இரண்டு விடைக்கும் பெரிய வித்தியாசம் வராது.

இந்தக் கோட்டில் எந்த வண்டியும் ஓடவில்லை, எந்த விமானமும் பறக்கவில்லை. வேலூரிலிருந்து பயணிகள் விமானமே கிடையாதே! அப்துல்லாபுரத்தில் இருக்கும் பழைய விமானத் தளத்தை, சிறு ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பித்தார்கள். ஓடுபாதை குட்டையானது, சிறிய விமானங்களுக்கானது. நாளைக்கே அங்கிருந்து சேவை தொடங்கினாலும் கொல்கத்தாவுக்குப் பறக்கிற பெரிய ஜெட் அங்கே இறங்க முடியாது. அதனால் உங்கள் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

1,790 என்பது காட்பாடியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து ஹவுரா போகும் ரயில் தூரம். காட்பாடி–சென்னை சென்ட்ரல் 130 கி.மீ., சென்னை–ஹவுரா சுமார் 1,660. 1,720 என்பது சென்னையைத் தொடாமல் போகிற வழி. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா, அங்கிருந்து ஸ்ரீகாளஹஸ்தி, வெங்கடகிரி வழியாகக் கூடூரில் போய்ச் சேரும். சென்னைக்குப் போய்த் திரும்பி வடக்கே ஏறுவதைவிட இதில் எழுபது கிலோமீட்டர் மிச்சம். சாலையிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16 அந்த ரயில் பாதையை ஒட்டியேதான் ஓடுகிறது.

சரி, நேர்கோட்டைவிட முந்நூறு கிலோமீட்டர் ஏன் கூடுகிறது? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னைக்கு மேலே கரையோரம் கிட்டத்தட்ட நேர் வடக்காக ஓங்கோல் வரை ஏறுகிறது. அதற்கப்புறம் கிருஷ்ணா, கோதாவரி டெல்டா கிழக்கே புடைத்துக்கொண்டு போகிறது. அதைத் தாண்டியதும் கரை வடகிழக்காகவே போகிறது. ரயில் நிலத்தில்தான் ஓட வேண்டும் என்பதால் விஜயவாடா வரை உள்ளே தள்ளிப் போய் அப்புறம் கிழக்கே திரும்புகிறது. விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சென்னையில் மேலே எழுந்ததும் வங்கக் கடலுக்கு மேலே போய்விடும். மீனம்பாக்கத்திலிருந்து கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டமுக்கு நேர்கோடு இழுத்தால் விசாகப்பட்டினத்துக்கு நேரே வரும்போது கோடு கரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும். பூரிக்குப் பக்கத்தில்தான் கரையை நெருங்கும். அதனால் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஒடிசாக் கரை கண்ணில் படும், வலது பக்கம் கடல்தான். காலை விமானமாக இருந்தால் வெயிலும் வலது பக்கம் அடிக்கும். அம்மாவுக்கு ஜன்னல் சீட் வேண்டுமென்றால் இடது பக்கம் எடுங்கள். கால் வலி உள்ளவர்களுக்கு நடைபாதையோர சீட் வசதி, காலை அவ்வப்போது நீட்டலாம், எழுந்து நிற்கலாம். இரண்டில் எது என்பதை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள்.

இந்தத் தூரம் அளக்கிற விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவை 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அங்கே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் அடிப்படையான கோட்டை, சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்தால் போதும், மலை உச்சிக்கு மலை உச்சி கோணத்தை மட்டும் பார்த்து மற்றத் தூரங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த முக்கோணங்கள் மேற்கே பெங்களூரு, மங்களூர் வரை போயின. பரங்கிமலை நம் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்து மலை. அப்புறம் 1831–32இல், லாம்டனுக்குப் பின் இந்த அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் கொல்கத்தாவில் இன்னொரு அடிக்கோட்டை அளந்தார். அது பாரக்பூர் டிரங்க் ரோட்டில், இன்றைய டம்டம் விமான நிலையம் இருக்கிற அதே வடக்குப் பகுதியில். நீங்கள் ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் பக்கத்திலேயே நாட்டின் பழைய அளவைக் கோடுகள் இரண்டு கிடக்கின்றன. இன்று விரல் நுனியில் கிடைக்கும் 1,448 என்ற எண்ணுக்குப் பின்னால் சங்கிலி தூக்கிக் காட்டிலும் மலையிலும் நடந்த எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நேரம். 1 மணி 48 நிமிடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1,448ஐ மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்துப் பாருங்கள், அதே விடை வரும். விமானம் வாசலில் நின்ற நொடியிலேயே 800 வேகத்தில் பறக்கிறது, இறங்குகிற நொடி வரை அதே வேகம் என்று வைத்துக்கொண்டால்தான் இது சரி. நடப்பது வேறு. உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் நிறுத்தத்தில் வந்து நிற்பது வரை. இதை பிளாக் டைம் என்பார்கள். நகர்ந்ததும் ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், முன்னால் வரிசை இருந்தால் காத்திருக்க வேண்டும். ஏறும்போது முதல் இருபது நிமிடம் வேகம் குறைவு. இறங்கும்போதும் அதேபோல வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கொல்கத்தாவில் இறங்க வரிசை இருந்தால் சுற்றியும் வரலாம்.

சென்னை–கொல்கத்தா வான்வழி நேர் தூரம் சுமார் 1,383 கி.மீ. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரியான ஜெட்கள் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. போகும். வெறும் வகுத்தல் கணக்கில் 1 மணி 40 நிமிடம். தரையில் உருள்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து இரண்டேகால். கொஞ்சம் தாமதத்துக்கும் இடம் விட்டு நிறுவனங்கள் இரண்டரை வரை போடுகின்றன. அதனால்தான் சில நாட்களில் விமானம் "பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டது" என்று அறிவிப்பார்கள். அந்த இடைவெளி அட்டவணையிலேயே வைக்கப்பட்டது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலமான காற்றோட்டம் ஓடும். ஜெட் ஸ்ட்ரீம் என்பது இதுதான். நீங்கள் ஜனவரியில் வடகிழக்காகப் போகிறீர்கள், பயணத்தின் பின்பாதியில் அது முதுகில் தள்ளும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் திரும்பும் டிக்கெட்டில் நேரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் காரணம் தெரிந்திருக்கட்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே இதற்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே காற்று ஓடும்.

பெங்களூரு விமான நிலையம் எப்படி என்று சிலர் கேட்பார்கள். அங்கிருந்து கொல்கத்தா சுமார் 1,545 கி.மீ. வானத்தில் கூடுவது கால் மணி நேரம்தான், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் நகரத்தையே கடக்க வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, கோலார் தங்கவயல் பக்கமாகப் போனால் நெரிசல் குறைவு, ஆனாலும் நாலரை ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ஹோஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போடுகிற புதிய விரைவுச்சாலை முழுக்கத் திறந்தால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். குடியாத்தம், ஆம்பூர்க்காரர்களுக்கு அது பெரிய மாற்றமாக இருக்கும். திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கிறது, சித்தூர் வழியாகப் போகலாம். ஆனால் கொல்கத்தாவுக்குப் பெரும்பாலும் நடுவில் வேறொரு ஊரில் விமானம் மாற வேண்டிவரும், முழங்கால் வலிக்கு அது ஆகாது. உங்களுக்குச் சென்னைதான்.

சத்துவாச்சாரியிலிருந்து மீனம்பாக்கம் சாலையில் சுமார் 130 கி.மீ. விமான நிலையம் சென்னைக்குத் தென்மேற்கு ஓரத்தில் இருப்பது நம்மைப் போல மேற்கேயிருந்து வருகிறவர்களுக்கு நல்லது, நகரத்துக்குள் புக வேண்டியதில்லை. காரில் இரண்டரை மணியில் போய்விடலாம் என்று டிரைவர் சொல்வார். நீங்கள் மூன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். வாலாஜாப்பேட்டை தாண்டியதிலிருந்தே சாலை வேலை, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள், பூந்தமல்லி நெருங்க நெருங்க லாரிகள் என்று ஒவ்வொன்றும் பத்து நிமிடம் தின்னும். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூர் பக்கமாக வருவது சில நேரம் கைகொடுக்கும். பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்புகிற நாளில் மட்டும் இந்தச் சாலையில் போகவே போகாதீர்கள். பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டு நாள் விட்டு டிக்கெட் எடுங்கள், கட்டணமும் இறங்கியிருக்கும்.

ரயிலிலும் போகலாம். காட்பாடியில் ஏறினால் சென்னை சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. சதாப்தி, வந்தே பாரத் இரண்டும் காட்பாடியில் நிற்கின்றன. சென்ட்ரலுக்குக் கீழேயே மெட்ரோ, அங்கிருந்து விமான நிலையம் வரை நேர் வண்டி இருக்கிறது, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலை நெரிசலுக்குப் பயப்பட வேண்டாம் என்பதால் தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் சென்ட்ரல் நடைமேடையிலிருந்து மெட்ரோ வரை, மெட்ரோவிலிருந்து விமான முனையம் வரை நடை அதிகம். லிப்ட் இருக்கிறது, இருந்தாலும் அம்மாவுக்குச் சிரமம். இந்த ஒரு தடவைக்குக் கார் எடுப்பதுதான் சரி.

முதலில் சொன்ன ஒன்பது பத்து மணி நேரம் எப்படி வருகிறது என்று ஒரு உதாரணமாகப் பார்க்கலாம். மதியம் ஒரு மணிக்குச் சென்னையில் விமானம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள். பத்தரை பதினொன்றுக்குள் விமான நிலையம். சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு முனையம் 1, முனையம் 4 என்று இரண்டு இருக்கின்றன. எது என்று டிக்கெட்டில் பார்த்து டிரைவரிடம் முன்பே சொல்லுங்கள். பெட்டி ஒப்படைக்கிற கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், ஏறும் வாசலையும் விமானம் கிளம்ப இருபது இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே அடைத்துவிடுவார்கள். மூன்றரை மணிக்குள் கொல்கத்தாவில் இறங்கிவிடுவீர்கள். பெட்டி வர அரை மணி. பாந்தலா நகரத்தின் தென்கிழக்கே இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து நியூ டவுன் பக்கமாக டாக்சியில் ஒரு மணி நேரம். ஐந்து மணிக்கு வீடு. ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று. இதில் நீங்கள் உண்மையில் வானத்தில் இருந்தது இரண்டு மணிக்கும் குறைவு.

இந்த நேரத்தை நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். அதிகாலை ஐந்தரை, ஆறு மணி விமானம் விலை குறைவாகத் தெரியும். ஆனால் வேலூரிலிருந்து அதைப் பிடிக்க நள்ளிரவில் கிளம்ப வேண்டும். தூக்கம் கெட்டு, இரவு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வயதானவரை அழைத்துப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மிச்சமாகிற சில நூறு ரூபாய் அதற்கு ஈடாகாது. சாயங்காலம் வெகு தாமதமாகப் போய் இறங்குவதும் வேண்டாம். கொல்கத்தாவில் சூரியன் நமக்கு முன்பே அடங்கிவிடும். கடிகாரம் நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்ற கணக்கில் கொல்கத்தா நம்மைவிட 37 நிமிடம் கிழக்கே இருக்கிறது. வடக்கே தள்ளியிருப்பதால் குளிர்காலப் பகலும் நம் ஊரைவிடக் குட்டை. ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். புது ஊரில் வெளிச்சத்தில் போய்ச் சேருவதுதான் நிம்மதி.

ஜனவரி என்பதால் மூடுபனியையும் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் கொல்கத்தா விமான நிலையத்தில் பனி இறங்கி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் விமானங்கள் தாமதமாகும். காலை பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் விலகிவிடும். போகும்போது மதிய விமானம் என்றால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. திரும்பும்போது கொல்கத்தாவிலிருந்து காலை ஆறு, ஏழு மணி விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள். பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் கிளம்புவது நல்லது, இரவு சாப்பாட்டுக்கு வேலூர் வந்துவிடலாம். பின்னால் சித்திரை, வைகாசியில் போக நேர்ந்தால் கணக்கு தலைகீழ். அங்கே அந்த மாதங்களில் பிற்பகலிலும் மாலையிலும் கால்பைசாகி என்கிற இடிமழைக் காற்று அடிக்கும், அப்போது காலை விமானம்தான் நல்லது.

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் பயப்பட வேண்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அப்போது அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். பழைய வடஆர்க்காட்டு மண்ணிலிருந்து பொதுமக்கள் ஜெட் விமானத்தில் ஏறிப் போனது அந்த நாட்களில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் விமானங்கள் நின்றன. உங்கள் ஜனவரிப் பயணத்துக்கு இது பெரும்பாலும் வராது.

ரயிலில் முழுவதும் போனால் என்ன? பெங்களூருவிலிருந்து ஹவுரா போகிற ரயில்கள் சில காட்பாடியில் நிற்கும், நேரே ஏறிவிடலாம். ஏறக்குறைய 29, 30 மணி நேரம் ஆகும். ரயிலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலத்தை ஒரு தடவையாவது ரயிலில் தாண்ட வேண்டும். ஒடிசாவில் சிலிகா ஏரியை ஒட்டிப் பாதை போகிறது, பகலாக இருந்தால் அந்தத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துக்கொண்டே போகலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, டிக்கெட் போடும்போது அதைக் குறிப்பிட வேண்டும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை மட்டும் 2020 மார்ச்சிலேயே நின்றுபோய்விட்டது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஒரு இரவும் பகலும் ரயில் கழிப்பறைக்கு ஏறி இறங்கி நடப்பது கஷ்டம். அதோடு ஹவுரா நிலையம் ஹூக்ளி ஆற்றுக்கு மேற்குக் கரையில் இருக்கிறது. பாந்தலா போக ஆற்றைத் தாண்டி நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். விமான நிலையமும் பாந்தலாவும் ஆற்றுக்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வீடு இருக்கிற இடத்தைப் பொறுத்து இந்த ஒரு விஷயமே ஒரு மணி நேர வித்தியாசம் தரும். தூரம் காட்டும் எண்களில் இது எதிலும் தெரியாது.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடலாம், மறந்திருந்தால் இரண்டு நாள் முன்பாவது விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். முனைய வாசலிலிருந்து விமானக் கதவு வரை ஆளே தள்ளிக்கொண்டு போவார், இறங்கும் ஊரிலும் அப்படித்தான். நடக்க முடிகிறவருக்கு எதற்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். சில நேரம் விமானம் தூரத்தில் நிற்கும், பஸ்ஸில் கொண்டுபோய்ப் படியேறச் சொல்வார்கள், அப்போதுதான் அருமை தெரியும். அந்தக் கூச்சத்தை வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாத்திரைகளும் மருத்துவச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட வேண்டாம். தம்பிக்கு ஊறுகாய் எடுத்துப் போவீர்கள், அது ஒப்படைக்கிற பெட்டியில் போகட்டும், கையில் கொண்டுபோனால் தடுக்கலாம். கொப்பரைத் தேங்காய் இரண்டிலும் கூடாது. ஆற்காடு மக்கன் பேடா வாங்கினால் ஜீரா கசியாத டப்பாவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெட்டிக்கு உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ, கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். கொல்கத்தாவில் ஜனவரி இரவுகள் நம் ஊரைவிடக் குளிராக இருக்கும், பதின்மூன்று பதினான்கு டிகிரிக்கு இறங்கும். வேலூர் வெயிலில் பழகிய உடம்புக்கு அது அதிகம், ஸ்வெட்டரும் காதை மூட ஒரு ஸ்கார்ஃபும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

தம்பி போன இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாலாற்றுத் தோல் ஷாப்புகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். அதே வருடம் டிசம்பரில் கொல்கத்தாவின் டாங்ரா, டில்ஜலா, டாப்சியா தோல் ஷாப்புகளை நகரத்துக்கு வெளியே மாற்றச் சொன்னது. அப்படி உருவானதுதான் பாந்தலா வளாகம். ராணிப்பேட்டையில் தொழில் கற்றவருக்கு அங்கே மதிப்பு இருக்கும். அங்கே போய் இறங்கியதும் அம்மாவை வளாகத்துக்கு உள்ளே அழைத்துப் போக அவசரப்பட வேண்டாம், முதல் நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

டிக்கெட்டைப் போகவும் வரவும் ஒன்றாகவே போட்டுவிடுங்கள். திரும்பும் விமானம் சென்னையில் இறங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிற மாதிரி வேலூர்க் காரைச் சொல்லி வைத்தால், டிரைவரும் காத்திருக்க வேண்டாம், அம்மாவும் வெளியே நிற்க வேண்டாம்.